பெரிய விளக்கும் சின்ன விளக்கும்

அட்டையாருக்கு வயிறு எரிந்தது. தலைவலி, தூக்கமில்லை, சாப்பிட்டது செரிக்கவில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தனையும் புளுகு. கட்டின மனைவி மேல் பொறாமை, நோய் அவ்வளவுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்?

அவர் ஒரு பெரிய நூலகத்தில் பாரசீகப் பிரிவின் தலைவர். அங்குள்ள ஒவ்வொரு அச்சுப் புத்தகத்துக்கும், தொட்டால் பொடியாகிற ஒவ்வொரு கையெழுத்துப் பிரதிக்கும் பட்டியல் அட்டை எழுதியவர். நூலின் பெயர், ஆசிரியர், எத்தனை தாள், எந்தத் தாளைப் பூச்சி அரித்திருக்கிறது, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். அதனால்தான் அட்டையார் என்று பெயர். ஒட்டிக்கொண்டால் விடாத இன்னோர் அட்டை உண்டல்லவா, அதையும் நினைத்துத்தான் வைத்தோம் என்று பைண்டிங் பிரிவுக்காரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். மனிதர் அந்த நாற்காலியை விட்டு எழுந்தால்தானே?

மனைவிக்கும் அதே நூலகத்தில்தான் வேலை, பொதுப் பிரிவில். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். அவளுக்குப் பாரசீக எழுத்தைக் கற்றுக்கொடுத்ததே இவர்தான், கல்யாணமான புதிதில், வேறு எப்படிக் கொஞ்சுவது என்று தெரியாமல். அவளும் ஆசையாகக் கற்றுக்கொண்டாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், உரைநடை என்றால் புரிந்துகொள்வாள், கவிதை என்று வந்தால் இவர் துணை வேண்டும். இந்த ஏற்பாடு அட்டையாருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன மாடல் வந்தது.

ஊர் உலகத்து நூலகங்களெல்லாம் பழைய பட்டியல் முறையைக் கைவிட்டுப் புதியதொரு கருத்து மாடலுக்கு மாறிக்கொண்டிருந்தன. நாமும் மாற வேண்டும், பாரசீகத்திலிருந்தே ஆரம்பிப்போம், யாராவது ஒருவர் பயிற்சிக்குப் போய்வர வேண்டும் என்று இயக்குநர் அம்மா கூட்டம் போட்டுச் சொன்னார். முதலில் கேட்டது அட்டையாரைத்தான். "இதெல்லாம் கொஞ்ச நாள் கூத்து மேடம், தானா அடங்கிடும்" என்று இவர் உதட்டைப் பிதுக்கினார். பின்வரிசையில் மனைவி கையைத் தூக்கினாள். போனாள், படித்தாள், வந்தாள். வந்த நாளிலிருந்து அவள் நூலகம் முழுக்க மாடல் மேடம் ஆகிவிட்டாள். "என்ன சார், உங்க வீட்டம்மா மாடலாமே!" என்று வாசல் காவலாளிகூடக் கேட்டுவிட்டார். அன்றைக்கு அட்டையார் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

அவள் அதை விளக்குகிற அழகு இருக்கிறதே, அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பாட்டை எடுத்துக்குங்க" என்பாள். "மெட்டுப் போட்டவர் மனசுல உருவானது படைப்பு. அதை ஒருத்தர் பாடினா ஒரு வடிவம், இன்னொருத்தர் புல்லாங்குழல்ல வாசிச்சா வேற வடிவம். அது கேசட்டா வந்தா பதிப்பு. உங்க வீட்டு அலமாரியில மூலை உடைஞ்சு கிடக்கே, அந்தக் கேசட்தான் பிரதி. பழைய அட்டைக்கு அந்த உடைஞ்ச கேசட்டை மட்டும்தான் தெரியும். நாம இப்ப அங்கேருந்து மெட்டு வரைக்கும் ஏறிப் போகணும்."

கேட்டவர்கள் ஆகா என்பார்கள். தன் ஆயுசு முழுக்க எழுதியது உடைந்த கேசட்டாகிவிட்டதா என்று அட்டையார் பல்லைக் கடிப்பார். நியாயமாகப் பார்த்தால் அவள் அவரைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய அட்டைகள் இல்லாவிட்டால் நான் ஓரடி எடுத்து வைத்திருக்க முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதைக் கேட்டால் இவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இவள் யார் எனக்குச் சான்றிதழ் கொடுக்க?

வெந்த புண்ணில் வேலாக ஓர் அறிவிப்பும் வந்தது. மாற்ற வேலை முடிந்ததும் பாரசீகப் பிரிவும் மாடல் குழுவும் ஒன்றாகிவிடும். அதற்கு ஒரே ஒரு தலைவர்தான். வெளியிலிருந்து ஒரு பாரசீகப் பேராசிரியர் வந்து புதிய பட்டியலைப் பார்ப்பார், அந்தக் கூட்டம் முடிந்ததும் யார் தலைவர் என்று இயக்குநர் அம்மா சொல்வார். அதாவது, அட்டையார் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதா, அல்லது பெண்டாட்டி உட்கார்ந்திருக்க, எதிரே ஃபைலை வைத்துக்கொண்டு நிற்பதா? அன்றிலிருந்து அவருக்குக் கனவிலும் நாற்காலிதான்.

அட்டையாரின் அக்கா மாடி வீட்டில் இருந்தாள். எதையும் மென்று விழுங்குகிற பழக்கம் அவளிடம் கிடையாது. "டேய் தம்பி, உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா? அவளுக்கு நாலு பேரு கை தட்டினா உனக்கு எங்கடா வலிக்குது?" என்றாள் ஒருநாள்.

"எனக்கென்னக்கா வலி? அவ நல்லா இருந்தா எனக்கும் பெருமைதானே."

"ஆமா, பெருமை அப்படியே காது வழியா புகையா வருது பாரு."

இதெல்லாம் ஒரு பக்கம் நடந்தாலும், வீட்டில் சாயங்கால வழக்கம் மட்டும் மாறவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் சமையலறை மேசையில் டீயைப் போட்டு வைத்துவிட்டு, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, அன்றைய சந்தேகங்களைக் கேட்பாள். இந்த வரிக்கு என்ன அர்த்தம், இது உரையா மூலமா, இந்த மொழிபெயர்ப்பு முழுசா சுருக்கமா? அவர் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். வாசிக்கும்போது மட்டும் பொறாமையெல்லாம் எங்கோ போய்விடும். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். டீ ஆறிப்போகும்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அவள் குதிரைச் சந்தையை எடுத்தாள்.

குதிரைச் சந்தை என்பது ஒரு நெடுங்கவிதை. பார்வையில்லாத ஒரு குதிரை வியாபாரி, குளம்புச் சத்தத்தை வைத்தே குதிரையின் குணத்தைச் சொல்லிவிடுகிற கதை. எழுதியவருக்கு விளக்கு என்று பொருள்படும் புனைபெயர். கடைசி அடியில் அந்தப் பெயர் வரும். நூலகத்தில் இதில் இரண்டு கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. ஒன்று சிறியது, மற்றது அதைப்போல இரண்டு பங்கு. இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே சந்தம், ஒரே இயைபு, கடைசி அடியில் அதே விளக்கு. அட்டையார் எழுதிய இரண்டு அட்டைகளிலும் ஆசிரியர் பெயர் ஒன்றுதான். காலம் என்ற இடம் காலி.

"ஏங்க, கம்ப்யூட்டர் இதை ஒரே படைப்புன்னு சேர்க்குது. சின்னது முதல் வடிவம், பெரிசு அவரே பின்னால விரிச்சு எழுதின வடிவம்னு வெச்சுக்கலாமா? எனக்கென்னமோ மனசு ஒப்பலை. நடை வேற மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுதானா?"

அட்டையார் டீயை உறிஞ்சினார். அவருக்குத் தெரியும். உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும் என்று அவருக்கு எண்ணம். விளக்குகள் இரண்டு. பெரிய கவிதையின் நடுவில் வியாபாரி ஒரு கல்பாலத்தைத் தாண்டுவான். அந்தப் பாலம் கட்டப்பட்டதோ, சிறிய கவிதையின் பிரதியை எழுதி முடித்து நூறு வருஷம் கழிந்த பிறகு. முதல் விளக்கு செத்து மண்ணோடு மண்ணான பின்னால் இரண்டாமவன் வந்து, அவன் கவிதைக்குப் பதில் கவிதை எழுதியிருக்கிறான். முன்னோர் கவிதையை எடுத்து அதே சந்தத்தில், அதே இயைபில் பதில் எழுதுவது பாரசீகக் கவிகளின் வழக்கம்தான். இவன் ஒருபடி மேலே போய்ப் பெயரையும் எடுத்துக்கொண்டான். புதிய மாடல்படி பார்த்தால் இவை இரண்டு படைப்புகள். நடுவில் பதில் என்றொரு உறவுக்கோடு போட வேண்டும். இதை அட்டையார் கண்டுபிடித்துப் பல காலமாகிறது. அட்டையில் எழுதவில்லை. என்றைக்காவது கட்டுரை எழுதிப் பேர் வாங்கலாம் என்று நெஞ்சுக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தார்.

இப்போது அது வேறு விதத்தில் பயன்படும் என்று தோன்றியது. பேராசிரியர் முன்னால் இவள் இதைக் காட்டட்டும். அவர் கட்டாயம் பிடித்துவிடுவார். மாடல் மேடம் மண்ணைக் கவ்வட்டும்.

"ஒரே ஆளுதான்" என்றார். "சின்ன வயசுல ஒரு நடை, வயசானப்புறம் ஒரு நடை. சேர்த்துடு."

"நிச்சயமா?"

"எத்தனை வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப இதையே கூட்டத்துல உதாரணமா காட்டறேன். நீங்க சொல்லிட்டா எனக்கு பயமில்லை."

அட்டையார் ஒரு வாய் டீயை எடுத்துக்கொண்டார். இல்லை, இரு, ஒரு விஷயம் என்று சொல்ல வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. நாற்காலி கண் முன்னால் வந்தது. டீ தொண்டையை விட்டு இறங்கிவிட்டது.

கூட்டத்தன்று மாநாட்டு அறை நிரம்பி வழிந்தது. அட்டையார் மூன்றாம் வரிசை ஓரத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். அக்காவும் தம்பி மனைவி மேடையேறுவதைப் பார்க்க வந்திருந்தாள். பேராசிரியர் மெலிந்த, பணிவான மனிதர். காது கொஞ்சம் மந்தம், கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக் கேட்டார். மனைவி திரையில் கட்டங்களையும் கோடுகளையும் காட்டி நிதானமாக விளக்கினாள். அட்டையார் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. குதிரைச் சந்தை எப்போது வரும் என்பதே நினைப்பு.

வந்தது. "இது ஒரே படைப்பு, ரெண்டு வடிவம்" என்றாள் அவள். "கவிஞர் இளமையில எழுதினதை முதுமையில விரிச்சிருக்கார்."

பேராசிரியர் கையைக் காதிலிருந்து எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுந்தே விட்டார். விழப்போகிறது இடி என்று அட்டையார் வேட்டைக்காரன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அபாரம்!" என்றார் பேராசிரியர். "நான் இந்த ரெண்டையும் தனித்தனியா பாத்திருக்கேன். ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. ஒரு கவிஞன் தன்னையே திருத்திக்கிட்ட கதையை அம்மா நம்ம கண்ணு முன்னால வெச்சுட்டாங்க. இது பட்டியல் வேலை இல்லை, கண்டுபிடிப்பு!"

அறை முழுக்கக் கைதட்டல். இயக்குநர் அம்மா பூரித்துப்போனார். அக்கா எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள்.

அட்டையாரின் நிலையை நான் எப்படிச் சொல்ல? குழி வெட்டி வைத்தால் அதில் விழ வேண்டியவள் அதன் மேலேயே சிம்மாசனம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் சொன்ன பொய்க்கு அவளுக்குப் பாராட்டு! கண்டுபிடிப்பாம்! அவர் கண்டுபிடித்த உண்மையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு, அவர் கொடுத்த பொய் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் கைதட்டல் நின்றிருந்தால்கூட அவர் தப்பியிருப்பார். அது நிற்கவில்லை.

"தப்பு!"

எல்லோரும் திரும்பினார்கள். அட்டையார் எழுந்து நின்றிருந்தார். எழுந்தது அவருக்கே தெரியாது.

"முழுக்கத் தப்பு! ரெண்டு ஆளு! பேரு ஒண்ணு, ஆளு ரெண்டு! பெரிய கவிதையில பாலம் வருது, யாராவது பாத்தீங்களா? அந்தப் பாலம் எப்பக் கட்டினது? சின்னப் பிரதி எழுதினது எப்ப? முதல் ஆளு செத்தப்புறம் ரெண்டாவது ஆளு வந்து பதில் எழுதியிருக்கான். அதே சந்தம், அதே இயைபு, அவன் பேரைக்கூட விடலை! ஏன்? பொறாமை! அவனுக்குக் கிடைச்ச பேரு தனக்குக் கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல்! இதெல்லாம் எனக்கு எத்தனையோ வருஷமா தெரியும்!"

மனிதர் அத்தோடு விட்டாரா? பாலத்தின் வரிகளைப் பாரசீகத்தில் கணீரென்று சொன்னார், அர்த்தமும் சொன்னார். பேராசிரியர் கையைக் காதில் குவித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அட, ஆமா! ஆமா! நான் அவசரப்பட்டுட்டேன், மன்னிக்கணும்" என்று அந்த நல்ல மனிதர் அங்கேயே ஒப்புக்கொண்டார். அட்டையாருக்குத் தலை கூரையைத் தொட்டது. வெற்றிப் பார்வையோடு மேடையைப் பார்த்தார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்குத் தான் என்ன பேசினோம் என்பது உறைத்தது. எத்தனையோ வருஷமா தெரியும். சமையலறை மேசை, டீ, நிச்சயமா என்று கேட்ட முகம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாம் வரிசையில் பாதி நின்றும் பாதி உட்கார்ந்துமாகத் தவித்தார்.

இயக்குநர் அம்மா குரலை இறக்கிக் கேட்டார். "இவ்வளவு தெரிஞ்சவரு பக்கத்துலயே இருக்காரு. இதைச் சேர்க்கறதுக்கு முன்னால யார்கிட்டயும் கேக்கலையாம்மா?"

அட்டையார் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாற்காலி, மானம், மரியாதை எல்லாம் போய்விடும். சொல்லப்போகிறாள். சொல்ல வேண்டியதுதானே?

"கேட்டேன் மேடம்" என்றாள் அவள். ஒரு நொடி நிறுத்தினாள். "ஆனா கேக்க வேண்டிய ஆள்கிட்ட கேக்கலை. என் தப்புதான். பிரிச்சு, பதில்னு கோடு போட்டுடறேன்."

அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

கூட்டம் முடிந்து இயக்குநர் அம்மா அட்டையாரின் கையைக் குலுக்கினார். பாரசீகம் இவ்வளவு ஆழமாகத் தெரிந்தவர்தான் தலைமையில் இருக்க வேண்டும், மாடல் வேலையை மேடம் உங்களுக்குக் கீழே பார்த்துக்கொள்வார் என்றார். பைண்டிங் பிரிவுக்காரர்கள்கூட வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் வாழ்த்தவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அட்டையார் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

வீட்டில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். சண்டை வந்தால் நல்லது. திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு, காலில் விழுந்தாவது சரிக்கட்டிவிடலாம். அவள் எப்போதும் போல டீ போட்டாள், அவர் பங்கை அவர் முன்னால் வைத்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். திரை அவள் பக்கமாகவே இருந்தது. சட்டென்று போனை எடுத்துப் பேச ஆரம்பித்தாள்.

"வணக்கம் ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒரு வரி புரியலை. படிக்கறேன், கேக்கறீங்களா?"

எழுத்துக் கூட்டிப் பாரசீகத்தில் வாசித்தாள். அந்தப் பக்கம் காது மந்தமான மனிதர். அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் உரக்க, இரண்டு முறை சொன்னாள். ஓர் இடத்தில் தப்பாக இழுத்தாள். அட்டையாருக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்த வரியின் அர்த்தம் அவருக்குத் தலைகீழாகப் பாடம். அங்கிருந்து தெரியவில்லை என்று பதில் வந்தது போலிருக்கிறது; "பரவாயில்லை ஐயா, நீங்க நாளைக்குப் பாத்துச் சொல்லுங்க" என்று போனை வைத்தாள்.

பொறாமை அவரை விட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? நாற்காலி கிடைத்துவிட்டதல்லவா? இப்போது அந்தச் செவிட்டுப் பேராசிரியர் மேல் அவருக்கு வயிறு எரிந்தது.

"அவருக்கு அது தெரியாது" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எனக்குத் தெரியும். என்கிட்ட கேட்டிருக்கலாமே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றாரு" என்றாள். "எனக்கு அது போதும்."

மறுபடி திரையைப் பார்த்து வேலையைத் தொடர்ந்தாள். அட்டையாரின் டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. அவர் அதை எடுத்துக் குடித்துவிட்டு, டம்ளரை அவரே கழுவி வைத்தார்.